கரடியூர் ஒப்பந்தமும் ரெண்டு அண்ணன்களும்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. காபி டம்ளரோட உக்காந்துடுங்க. வரலாறுன்னாலே தூக்கம் வர்றவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடலாம், கோச்சுக்க மாட்டேன் :)

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. போன ஞாயித்துக்கிழமை தான் கொஞ்சம் மூச்சு விட்டேன். அப்பப் பாத்து நம்ம ஓமலூர்க்காரன் போன் பண்ணினான். "டேய், நான் பேப்பர் போட்டுட்டேன். கரடியூருக்கு ரெடி. நீ என்ன சொல்ற?"ன்னு ஒரே போடு. எனக்குப் பேச்சே வரல. "அப்புறம் கூப்பிடறேன்டா"ன்னு வச்சுட்டேன்.

கரடியூர் என்னன்னு சொல்லணும்னா ஒரு கொசுவத்தி சுத்தியே ஆகணும்.

2017 பிப்ரவரி. நாங்க இஞ்சினியரிங் மூணாவது வருஷம். ஜனவரில தான் ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிஞ்சிருந்துது. மெரினாவுக்குப் போகாதவன் கூட கலெக்டர் ஆபீஸ் வாசல்ல ரெண்டு நாள் உக்காந்துட்டு வந்திருந்தான். மார்ச் 1-லேர்ந்து பெப்சி, கோக் விக்க மாட்டோம்னு வியாபாரிகள் சங்கங்கள் அறிவிச்சிருந்தாங்க. ஹாஸ்டல்ல எல்லாரும் நாட்டு மாடு, நாட்டு விதைன்னு பேசிட்டு இருந்த காலம். கரூர்க்காரன் ஒருத்தன் எங்க செட்ல உண்டு. அவன் நம்மாழ்வார் ஆரம்பிச்ச வானகத்துக்குப் போய் பயிற்சி எடுத்துட்டு வந்து, ஃபுகுவோகாவோட ஒற்றை வைக்கோல் புரட்சி புஸ்தகத்தை எங்க எல்லார் கையிலயும் திணிச்சவன். நம்மாழ்வாரே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல விவசாயம் படிச்சு, கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணைல வேலை பாத்து, 1969-ல அதை உதறிட்டு வந்தவர் தானே. அவரால முடிஞ்சா நம்மாலயும் முடியும்னு ஒரு கணக்கு.

அந்த வேகத்துல ஒரு சனிக்கிழமை ஆறு பேர், மூணு பைக். சேலத்துலேர்ந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு. அங்கேர்ந்து காப்பித் தோட்டங்களுக்கு நடுவுல கரடியூர். சில்வர் ஓக் மரத்துல மிளகுக்கொடி சுத்தி ஏறி நிக்குது. மலை விளிம்புல நின்னா கீழ சமவெளி கட்டம் கட்டமா தெரியுது. அங்க உக்காந்து தான் ரெக்கார்டு நோட்டுல ஒரு தாளைக் கிழிச்சு "கரடியூர் ஒப்பந்தம்" எழுதினோம்.

எல்லாரும் அஞ்சு வருஷம் பொட்டி தட்டி சம்பாதிக்கிறது. சம்பளத்துல பாதி பொதுக்கணக்கு. அப்புறம் இங்க 10 ஏக்கர். ஒரே சமையல்கட்டு, முறை வச்சு சமையல். சோலார் கரண்ட், மழைத்தண்ணி, பிளாஸ்டிக் கிடையாது, டிவி கிடையாது. (கிரிக்கெட்டுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு கேட்டான் ஓமலூர்க்காரன். ஓட்டெடுப்புல தோத்துட்டான்.) ஆறு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

திரும்பி வர்ற வழில ஒரு பெட்டிக்கடைல டீ. கடைக்காரப் பெரியவர், மலையாளி. கேரளா இல்லீங்க, சேர்வராயன் மலைப் பழங்குடி மக்களுக்கு மலையாளின்னு தான் பேரு. மலையை ஆள்றவங்க. நாங்க சத்தமா பேசிட்டு இருந்ததைக் கேட்டுட்டு சாவகாசமா கேட்டார். "எல்லாம் செரி கண்ணு. இங்க வந்து என்ன வேல பண்ணுவீங்க?"

"விவசாயம் தாத்தா."

"அது தான் நாங்க பண்றமே."

பதில் சொல்லத் தெரியாம டீயைக் குடிச்சுட்டுக் கிளம்பினோம். பல்பு வாங்கினதை யாரும் வெளிய சொல்லிக்கல. காலேஜுக்கு வந்து ஒப்பந்தத்தை கிளாஸ்ல காட்டினப்ப எங்க பேட்ச் பொண்ணு ஒருத்தி முழுசாப் படிச்சுட்டு, "ஆறு பேருக்கும் கல்யாணம் ஆனப்புறம் இந்த முறைச் சமையல் யாரு தலைல விழும்?"னு கேட்டா. ரெண்டாவது பல்பு.

இந்த ரெண்டு கேள்வியும் எட்டு வருஷத்துக்கு மேலா மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. நமக்கு முன்னாடி இதே மாதிரி படிச்ச பசங்க யாராவது உண்மையாவே இப்படிக் கிளம்பிப் போயிருக்காங்களா, போனவங்க என்ன ஆனாங்கன்னு அப்பப்ப தேடிப் படிக்கிறது வழக்கமாச்சு. படிச்சதைத் தான் இங்க கொட்டப் போறேன்.

முதல்ல அந்த மலைலேர்ந்தே ஆரம்பிக்கறேன். மலையாளிகள் தங்களைப் பத்திச் சொல்ற ஒரு பூர்வீகக் கதை இருக்கு. 1909-ல வந்த தர்ஸ்டனோட தென்னிந்தியக் குலங்கள் பத்தின தொகுப்புலயும் அது பதிவாகியிருக்கு. காஞ்சிபுரத்துலேர்ந்து மூணு அண்ணன் தம்பி கிளம்பி வந்தாங்களாம். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன். பெரியண்ணன் வம்சம் சேர்வராயன் மலைல, நடுவண்ணன் வம்சம் பச்சைமலைல, சின்னண்ணன் வம்சம் கொல்லிமலைல. ஊர்களைச் சேத்து நாடுகளா வகுத்து, நாட்டுக்கு ஒரு தலைவர் வச்சு வாழ்ந்தாங்க. சாமையும் கேழ்வரகும் விளைச்சு, சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் ஒண்ணா கூடி... நாங்க ரெக்கார்டு நோட்டுல எழுதினதுல பாதியை இவங்க எழுதி வைக்காமலே நடத்திட்டு இருந்திருக்காங்க.

அப்புறம் காப்பி வந்துச்சு. 1820-கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் துரை தான் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர். கிரேஞ்ச் எஸ்டேட்னு இப்பவும் பேர் சொல்றாங்க. துரைமார் பின்னாலயே வந்தாங்க, மலை கொஞ்சம் கொஞ்சமா எஸ்டேட் ஆச்சு. பெரியண்ணன் வம்சத்துல நிறையப் பேர் அதே மலைல கூலிக்குக் காப்பிப் பழம் பறிக்க ஆரம்பிச்சாங்க. துரைமாரும் இந்த இடத்தை நேசிச்சுத் தான் வந்தாங்க. குளிரு, அமைதி, பச்சை. நாங்க போனதும் அதுக்குத்தானே? 10 ஏக்கர் வாங்கப் போற ஆறு இஞ்சினியர்களைப் பாத்து அந்தப் பெரியவர் ஏன் அப்படிக் கேட்டார்னு இதைப் படிச்சப்புறம் தான் உறைச்சுது.

இப்ப இன்னொரு பெரியண்ணன், சின்னண்ணன் கதை. இதுக்குக் கொஞ்சம் வடக்கே போகணும். ஏலகிரிக்கும் ஜவ்வாது மலைக்கும் பக்கத்துல இருக்கற திருப்பத்தூர்.

முதல் உலகப்போர் சமயம். பிரிட்டன்ல மருத்துவம் படிக்கப் போன தமிழர் ஒருத்தர், சவரிராயன் ஜேசுதாசன். 1882-ல பொறந்தவர். அதே நேரத்துல மருத்துவம் படிச்சிட்டு இருந்த ஸ்காட்லாந்துக்காரர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன், இவரை விட ஒன்பது வயசு சின்னவர். ரெண்டு பேரும் அங்க தான் சிநேகிதமானாங்க. அந்தக் காலத்து மிஷன் வழக்கம் என்னன்னா, வெள்ளைக்கார டாக்டருக்கு ஒரு பங்களா, ஒரு சம்பளம், ஒரு மரியாதை. இந்திய டாக்டர்னா எல்லாமே ஒரு படி கீழ. அதெப்படி, ஒரே படிப்பு, ஒரே வேலை, ஒரே வேதம்? நாம ஒரே கூரைக்குக் கீழ, ஒரே சாப்பாடு சாப்ட்டு, சரிசமமா வாழ்ந்து காட்டலாம்னு முடிவு பண்ணினாங்க. இந்தியாவுக்கு வந்து 1921-ல திருப்பத்தூர்ல கிறிஸ்துகுல ஆசிரமம் ஆரம்பிச்சாங்க. புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள் இந்தியாவுல ஆரம்பிச்ச முதல் ஆசிரமங்கள்ல ஒண்ணு.

கல்யாணம் இல்லை, சம்பளம் இல்லை. கதர் தான் துணி, சைவம் தான் சாப்பாடு, தரைல உக்காந்து சாப்பிடறது. தேவாலயத்தைக் கூட கோபுரம் வச்சு நம்ம கோயில் பாணில கட்டினாங்க. ஜேசுதாசனை எல்லாரும் பெரியண்ணன்னு கூப்பிட்டாங்க, பேட்டனைச் சின்னண்ணன்னு! படிச்சப்ப எனக்குச் சிலிர்த்துப் போச்சு. மலையாளிகளோட கதைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, நம்மூர்ல மூத்தவரையும் இளையவரையும் வேற எப்படிக் கூப்பிடுவாங்க? இருந்தாலும் சுத்துப்பட்டு மலைகள் எல்லாம் பெரியண்ணன் சின்னண்ணன் வம்சம்னு சொல்லிக்கற ஒரு வட்டாரத்துல, ஸ்காட்லாந்துலேர்ந்து வந்த ஒருத்தர் சின்னண்ணன் ஆகி அங்கயே கடைசி வரைக்கும் இருந்துட்டார்ங்கறது எனக்குப் பிடிச்சிருக்கு.

சின்னண்ணன் வீட்டு விஷயம் இன்னும் சுவாரசியம். அவங்க குடும்பம் அல்லோவா ஊர்ல கம்பளி நூல் ஆலை வச்சிருந்த குடும்பம். பேட்டன் கம்பளி நூல்னா ஸ்வெட்டர் பின்றவங்களுக்கு இன்னிக்கும் தெரியும். அந்த வீட்டுப் பையன் கதர் கட்டிக்கிட்டு, 1932-ல சென்னைல அந்நியத் துணிக்கடை மறியல் நடந்த இடத்துல நின்னதுக்குப் போலீஸ்கிட்ட அடி வாங்கினார், கைதும் ஆனார். விஷயம் பிரிட்டிஷ் பாராளுமன்றம் வரைக்கும் போச்சு. ஆலை முதலாளி வீட்டுப் பிள்ளை அந்நியத் துணிக்கு எதிரா அடி வாங்கறதுங்கறது... நம்ம ஆபீஸ் கேன்டீன்ல பேப்பர் கப் வேண்டாம்னு மெயில் போட்டதுக்கே என்னை ஒரு மாதிரிப் பாத்தாங்க, அவ்வ்வ்.

ஆனா ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. ஆசிரமத்துக்குப் பெரிய பக்கபலமா இருந்தது சின்னண்ணனோட குடும்பச் சொத்து. கம்பளி ஆலைப் பணம் தான் திருப்பத்தூர் எளிமைக்கு அஸ்திவாரம். இதைக் குத்தமா சொல்லல. "இயற்கை வாழ்வு"ன்னு பேசற எந்தக் கதையிலயும் முதல் போட்டது யாருங்கற வரியைத் தேடிப் படிங்கன்னு தான் சொல்றேன். எங்க ஒப்பந்தத்துல அந்த வரி "அஞ்சு வருஷம் ஐ.டி."

அடுத்தது, கல்யாணம் வேண்டாம்னு வச்சது. எங்க கிளாஸ் பொண்ணு கேட்ட கேள்விக்கு அண்ணன்கள் கண்டுபிடிச்ச பதில் அது தான். சமையல்கட்டுச் சண்டை, யார் பிள்ளைக்கு எவ்வளவு ஃபீஸ்ங்கற சண்டை எதுவுமே வராது. ஆனா அப்படி வாழ வர்றவங்களும் கம்மி தானே? அந்தச் சகோதரர் குழு பெருசா பெருகவே இல்லை. 1969-ல பெரியண்ணன் போனார், அடுத்த வருஷமே சின்னண்ணனும் போயிட்டார். அரை நூற்றாண்டு சேந்து வாழ்ந்திருக்காங்க. ஆறு பேர் இருக்கற எங்க வாட்ஸப் குரூப்ல ரெண்டு பேர் ஏற்கெனவே பேசிக்கிறதில்லை.

அவங்க நிலைச்சு நின்னதுக்கு நான் நினைக்கற காரணம் வேற. அவங்க ஆசிரமம்னா முதல்ல ஆஸ்பத்திரி. சேந்து வாழணும்ங்கறதுக்காக மட்டும் அவங்க திருப்பத்தூர் வரல. பெட்டிக்கடைத் தாத்தா அவங்ககிட்ட அதே கேள்வியைக் கேட்டிருந்தா, "வைத்தியம் பாப்போம்"னு ரெண்டே வார்த்தைல பதில் சொல்லியிருப்பாங்க.

இந்த இடத்துல ஜே.சி.குமரப்பாவைப் பத்திச் சொல்லாம போனா பாவம். தஞ்சாவூர்ல 1892-ல பொறந்து, லண்டன்ல கணக்கியல் படிச்சு, பம்பாய்ல ஆடிட்டரா கொழிச்சு, அமெரிக்காவுல கொலம்பியா பல்கலைக்கழகம் வரைக்கும் போனவர். 1929-ல காந்தியைப் பாத்தார், கோட்டு சூட்டு போச்சு. எனக்கு அவர்கிட்ட ரொம்பப் பிடிச்சது குஜராத் வித்யாபீடத்துல அவர் பசங்களை வேலை வாங்கின விதம். கேடா மாவட்டம் மாதர் தாலுகாவுக்குக் காலேஜ் மாணவர்களைக் கூட்டிட்டுப் போய், 54 கிராமங்கள்ல வீடு வீடா நுழைஞ்சு வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, கடன் எவ்வளவு, வரி எவ்வளவுன்னு எழுத வச்சார். கிராமத்து மேல பாசம் வர்றதுக்கு முன்னாடி கிராமத்துக் கணக்கு தெரியணும்ங்கற ஆடிட்டர் புத்தி! நாங்க கரடியூர்ல சூரிய அஸ்தமனத்தை 40 போட்டோ எடுத்தோம். ஒரு வீட்டுல தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு கேக்கல.

அவர் ஜெயில்ல இருந்தபடியே எழுதி 1945-ல வெளிவந்தது நிலைத்த பொருளாதாரம் பத்தின புஸ்தகம். இன்னிக்கு நாம சஸ்டைனபிலிட்டின்னு கம்பெனி மீட்டிங்ல ஸ்லைடு போடற சமாச்சாரத்தை, 1987-ல ஐ.நா.வோட புரூன்ட்லாண்ட் அறிக்கை வர்றதுக்கு 42 வருஷம் முன்னாடியே எழுதிட்டார். இயற்கைலேர்ந்து உதாரணம் எடுத்துப் பொருளாதாரத்தை வகை பிரிக்கிறார். மாந்தோப்புல பூந்து திங்கற குரங்கு, நட்டதும் இல்லை, தண்ணி ஊத்தினதும் இல்லை. தேனீ அப்படி இல்லை, பூவுலேர்ந்து எடுக்கறப்பவே மகரந்தம் சேத்து அந்தச் செடிக்கும் ஒண்ணு குடுத்துட்டுப் போகுது, சேத்த தேனும் கூட்டத்துக்குப் போகுது. உச்சில தாய் பிள்ளைக்குப் பண்ற மாதிரியான சேவை. கடைசிக் காலத்துல மதுரைப் பக்கம் தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்துல ஒரு சின்ன வீட்டுல இருந்தார். அங்க ஒரு ஏழைக் கிராமத்தானோட படத்தை மாட்டி வச்சிருந்தாராம், கேட்டா இவர் தான் என் எஜமானோட எஜமான்னு சொல்வாராம். எஜமான்னா காந்தி. 1960-ல அதே ஜனவரி 30-ம் தேதி காலமானார்.

ஆரோவில்லை இதுல சேக்கலையான்னு யாராவது கேப்பீங்க. 1968 பிப்ரவரி 28-ல 124 நாட்டு மண்ணைத் தாழியில போட்டு ஆரம்பிச்சது. வெறும் செம்மண் மேட்டைக் காடாக்கினது பெரிய சாதனை, மறுக்கல. ஆனா அது ஒரு தனி உலகம், அதைப் பத்தி நிறையப் பேர் எழுதியாச்சு.

கடைசியா சொல்லப் போறது தான் எங்களுக்கு ரொம்பக் கிட்ட வர்ற கதை. ஏற்காட்டுக்கு வடகிழக்கே, தர்மபுரி மாவட்டத்துல சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவுல ஒரு பள்ளத்தாக்கு, சிட்லிங்கி. அங்கயும் பெரும்பாலும் மலையாளிகள் தான், கூட லம்பாடி மக்கள்.

ரெஜி ஜார்ஜ், லலிதா ரெண்டு பேரும் ஆலப்புழை மருத்துவக் கல்லூரில படிக்கறப்பவே பழக்கம். கல்யாணம் பண்ணிக்கிட்டு காந்திகிராமம் கஸ்தூரிபா ஆஸ்பத்திரில வேலை பாத்தாங்க. அங்க வர்ற நோயாளிகள்ல பல பேர், நோய் பெருசா இருக்கறதால இல்லாம, ஆஸ்பத்திரி தூரமா இருக்கறதால சாகறாங்கன்னு புரிஞ்சுது. வேலையை விட்டுட்டு ஒரு வருஷம் நாட்டைச் சுத்திப் பாத்தாங்க. 1993-ல சிட்லிங்கி. அப்ப அங்க ஆபரேஷன்னா தர்மபுரிக்கோ சேலத்துக்கோ தான் தூக்கிட்டுப் போகணும். ஊர்க்காரங்களே கட்டிக்குடுத்த ஒரு குடிசை தான் முதல் ஆஸ்பத்திரி. பல்பு வெளிச்சத்துல பிரசவம். அங்க பொறந்த குழந்தைகள்ல ஆயிரத்துக்கு 150 அளவுல ஒரு வயசைத் தாண்டாம செத்துட்டு இருந்துது. பின்னாடி அது 20-ஐ ஒட்டிக் குறைஞ்சுது. இன்னிக்கு ஆபரேஷன் தியேட்டரோட 35 படுக்கை ஆஸ்பத்திரி.

எனக்கு முக்கியமா படறது எண்ணிக்கை இல்லை. அந்த ஊர்ப் பொண்ணுங்களையே நர்ஸாவும் சுகாதாரப் பணியாளராவும் பழக்கினாங்க. வைத்தியத்துக்கு வர்றவங்க சரியான சாப்பாடு இல்லாம வர்றாங்கன்னு தெரிஞ்சப்புறம் பேச்சு சிறுதானியத்துக்கும் இயற்கை விவசாயத்துக்கும் போச்சு. அப்படித்தான் சிட்லிங்கி இயற்கை விவசாயிகள் சங்கம் வந்துச்சு. லம்பாடிப் பெண்கள் மறந்துட்டு இருந்த துணி எம்பிராய்டரி, போர்கைங்கற பேர்ல திரும்ப வந்துச்சு. படிச்ச ஆர்க்கிடெக்ட் தம்பதி ஒருத்தர் துளிர்னு ஒரு கல்வி மையம் ஆரம்பிச்சாங்க. கூட்டு வாழ்க்கைன்னு யாரும் போர்டு மாட்டல. வேலை மேல வேலையா சேர்ந்து, பத்து இருபது வருஷத்துல திரும்பிப் பாத்தா அங்க ஒண்ணு உருவாகியிருக்கு.

நாங்க அதைத் தலைகீழா ஆரம்பிச்சோம். முதல்ல சமையல்கட்டு, சோலார், விதிமுறை. வேலை என்னங்கற இடத்தை மட்டும் காலியா விட்டுட்டோம்.

இவ்வளவும் மண்டைல ஓடினப்புறம் புதன்கிழமை ராத்திரி ஓமலூர்க்காரனுக்குப் போன் போட்டேன். மத்த நாலு பேரும் குரூப்ல கட்டை விரல் படம் மட்டும் போட்டிருந்தாங்க, நல்லவங்க. நான் சுத்தி வளைக்கல. "டீக்கடைத் தாத்தா கேட்டது ஞாபகம் இருக்கா?"ன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"இருக்குடா. அதனால தான் நாலு மாசமா சனி ஞாயிறுல ஓமலூர்ல ஒரு கடைல மோட்டார் காயில் கட்டக் கத்துக்கறேன். மலைல மோட்டார் எரிஞ்சா சேலம் தான் தூக்கிட்டு வரணும். தண்ணி இல்லாம ரெண்டு நாள் மூணு நாள் கிடக்கறாங்கடா."

"நிலம்?"

"நிலம் எதுக்கு? ஒரு ரூம் வாடகைக்குப் பாத்திருக்கேன். நீ வர்றியா இல்லையா, அதைச் சொல்லு."

எனக்கு வீட்டு லோன் இன்னும் 17 வருஷம் ஓடுது. அதைச் சொன்னேன். சிரிச்சான். "சரி, அப்ப முதல்ல ஒரு சனிக்கிழமை வா. ஸ்பேனர் பிடிக்க ஆள் வேணும்"னான்.

வர்ற சனிக்கிழமை போறேன். அந்த ரெக்கார்டு தாள் எங்கிட்ட தான் இருக்கு, எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கான். கிரிக்கெட் விதியை மட்டும் மறுபடி ஓட்டெடுப்புக்கு விடணுமாம்.